மந்திரம் வெடிக்காவிட்டால் முப்பது நிமிடம்

"விதி 7: வைத்த மந்திரங்களில் ஏதேனும் ஒன்று வெடிக்காமல் போனால், வைத்தவர் உட்பட யாரும் முப்பது நிமிடங்களுக்கு அந்த இடத்தை நெருங்கக் கூடாது."

11 ஜூன் 2002, செவ்வாய்க்கிழமை தேதியிட்ட 'மந்திர விதிகள், பதிப்பு 0.3' என்ற ஆவணத்தின் பதினான்காம் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது. மூலம் ஆங்கிலம், எழுதியவன் நான், தமிழாக்கமும் என்னுடையது. ஓரத்தில் சிவப்பு மையில் என் முதலாளி ஹரீஷ் எழுதியது: "சார், இது கேமா, டிரெயினிங் மேனுவலா?" அவர் கேள்விக்குறி போட்டிருந்ததால் பதில் எதிர்பார்க்கிறார் என்று நினைத்து, அதன் கீழேயே "கேம்" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டுத் துறைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த விதம்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் நான் பதினெட்டு ஆண்டுகள் எழுத்தர். வெடி வைக்கும் விதிகளைப் படியெடுப்பது, சுற்றறிக்கை ஒட்டுவது, பதிவேட்டில் தேதி விட்டுப்போகாமல் பார்ப்பது என் வேலை. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடியது. அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி நாட்களைப் பொறுத்தவரை அது உண்மை.

பெங்களூர் நாளிதழ் ஒன்றில் விளம்பரம் வந்தது. டெக்னிகல் ரைட்டர் தேவை. கற்பனை உலகங்களில் ஆர்வம் விரும்பத்தக்கது. முகவரி பெங்களூரில் அடுகோடி. கீழே ஒரு பிரஸ் ஷாப். தகட்டை அடித்து வாஷர் செய்கிற பட்டறை. மேலே முதல் மாடியில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஹரீஷுக்கு இருபத்தெட்டு வயது. அல்சூரில் வளர்ந்தவர், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுபவர். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

"மேஜிக் பத்தி ஏதாவது படிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

பூதம், வேதாளம், கூடு விட்டுக் கூடு பாய்தல் எல்லாம் படித்திருப்பதாகச் சொன்னேன்.

"டாக்குமெண்ட் எழுதுவீங்களா?"

"எழுதினா அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட முடியாது. அப்படி எழுதுவேன்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் உங்களை வேலைக்கு எடுத்தேன் என்று பிற்பாடு சொன்னார். 1 ஏப்ரல் 2002, திங்கட்கிழமை சேர்ந்தேன். நான்கு மாதம் தகுதிகாண் காலம். ஜூலை முடிவதற்குள் வெளிநாட்டு கிளையன்ட் என்னை ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் இல்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. தங்கவயலில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சீருடை பொருந்தாது என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆகவே இந்த வேலை எனக்கு வேண்டும்.

நீலப் பட்டை

விளையாட்டு இதுதான். ஆடுபவர் ஒரு வீரனாகவோ வில்லாளியாகவோ மந்திரவாதியாகவோ ஒரு கற்பனை நாட்டுக்குள் நடப்பார். வழியில் துணைவர்கள் சேர்வார்கள். கடைசியில் ஒரு மலைக்குகையில் டிராகன். கதை, படம் எல்லாம் கிளையன்ட் அனுப்பியவை. அதை ஓடவைப்பது எங்கள் வேலை.

கல்பனா புரோகிராமர். ஈரோட்டிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் எனக்கு மந்திரவாதியைக் காட்டினாள். ஒரு விசையை அழுத்தினால் கையிலிருந்து நெருப்பு போகும். நான் நாற்பது தடவை அழுத்தினேன். நாற்பது தடவையும் போனது.

"இது தீராதா?" என்றேன்.

"கீழ நீலப் பட்டை இருக்குங்க சார். அது தீந்தா நின்னுக்கும்."

"மறுபடி?"

"சும்மா நின்னா ரொம்பிரும்ங்க."

சும்மா நின்றவர்களைப் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். யாருக்கும் எதுவும் நிரம்பியதில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் அதை ஒரு கோப்பில் 'பின்னூட்டம்' என்று பதிந்துகொண்டாள். சொன்னதைச் சொன்னபடி பதிவது அவள் குணம். அந்தக் குணத்தை நான் மிகவும் மதித்தேன், அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

மே மாதம் கிளையன்டிடமிருந்து புகார் வந்தது. ஆடிப்பார்க்கிறவர்கள் எல்லோருமே மந்திரவாதியைத்தான் எடுக்கிறார்கள், வாளை யாரும் தொடவில்லை, மந்திரத்துக்குக் கனமே இல்லை என்று பீட்டர் என்பவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் முடிவெடுக்கிறவர் அவர்தான். ஜூலையில் நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார். ஹரீஷ் கடிதத்தை அச்செடுத்து என் மேஜையில் வைத்தார். மந்திரத்துக்குக் கனம் கொடுங்கள், அதுதான் உங்கள் வேலை, அதை வைத்துத்தான் உங்கள் வேலையும் என்றார்.

பதிப்பு 0.3

நெருப்பு, ஆபத்து, கட்டுப்பாடு என்று யோசித்தால் என் தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்று. சுரங்கத்து வெடி விதிகளை எடுத்து, வெடிமருந்து என்ற இடத்தில் மந்திரம் என்று போட்டேன். நேர்மையாகச் சொன்னால் வடிவமைப்பு என்று நான் செய்தது அவ்வளவுதான்.

சுரங்கத்தில் மருந்தும், அதைப் பற்றவைக்கிற கேப்பும் ஒரே பையில் போகக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகத் தூக்க வேண்டும். ஆகவே மந்திரச் சொல்லை ஒருவர் சுமப்பார், பொறியை இன்னொருவர் சுமப்பார். வெடிக்கு முன் மூன்று விசில். எல்லா வழிகளிலும் காவல். வெடித்த பிறகு புகை அடங்கும்வரை உள்ளே போகக் கூடாது. எத்தனை வைத்தோமோ அத்தனை சத்தம் எண்ண வேண்டும்; ஒன்று குறைந்தால் விதி 7. கடைசியாகப் பதிவேடு: வைத்தவர் பெயர், இடம், தேதி, கையொப்பம். தேதி போட வேண்டுமே, அந்த நாட்டில் நாட்காட்டியே இல்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து பதின்மூன்று மாதமும் ஒரு மிகுநாளும் கொண்ட நாட்காட்டி தயாரித்தேன். அதை யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். ஹரீஷ் பதினான்காம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் என்பது சிவப்பு மை அங்கே முடிவதிலிருந்து தெரிகிறது. கல்பனா மட்டும் அறுபத்து நான்கையும் படித்தாள். படித்ததோடு நில்லாமல் அத்தனையையும் நிரலாக எழுதினாள்.

டிராகன் காத்திருந்தது

26 ஜூன், புதன்கிழமை, முதல் சோதனை. டெஸ்டர் இம்ரான், அடுகோடிக்காரன். எந்த விளையாட்டையும் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிடுவான் என்று பெயர். ஹரீஷும் நானும் பின்னால் நின்றோம்.

டிராகன் குகையிலிருந்து தலையை நீட்டியது. இம்ரான் விசையை அழுத்தினான். மந்திரவாதி விசில் ஊதினார். மறுபடி ஊதினார். மூன்றாவது விசிலின்போது திரையில் ஒரு படிவம் விரிந்து, பெயர் என்ன என்று கேட்டது. இம்ரான் பெயரை அடிப்பதற்குள் டிராகன் மந்திரவாதியைத் தின்றுவிட்டது. படிவம் மட்டும் திரையில் நின்றது. தேதிக் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

"க்யா சார் இது, ஆர்.டி.ஓ. ஆபீஸா?" என்றான் இம்ரான்.

இரண்டாம் முறை வேகமாக நிரப்பினான். ஆறு மந்திரம் வைத்தான். ஐந்து வெடித்தன. விதி 7 வேலைசெய்யத் தொடங்கியது. நான் 'முப்பது நிமிடம்' என்று எழுதியிருந்தேன். அது விளையாட்டு நேரமா நிஜ நேரமா என்று எழுதவில்லை. கல்பனா ஆயிரத்து எண்ணூறு நொடி என்று போட்டிருந்தாள். இம்ரான் கீழே போய் டீ குடித்து, ஒரு பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தான். மந்திரவாதி நின்றுகொண்டிருந்தார். டிராகனும் நின்றுகொண்டிருந்தது.

ஹரீஷ்தான் முதலில் கவனித்தார். "டிராகன் ஏன் அட்டாக் பண்ணல?"

கல்பனா ஆவணத்தைத் திறந்து காட்டினாள். "யாரும் நெருங்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. டிராகனுக்கு விலக்குன்னு எங்கயும் போடலீங்களே."

அதற்குள் இம்ரான் வில்லாளியைக் கொண்டுவந்து தூரத்தில் நிறுத்தி, விதிப்படி அசையாமல் நிற்கிற டிராகனை அம்பு அம்பாக விட்டுக் கொன்றுவிட்டான். பாதுகாப்பு விதிகளை மதித்ததற்காகச் செத்த டிராகன் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"சாக்கு சார்," என்றார் ஹரீஷ். போதும் என்று அர்த்தம். "இனிமே நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே உக்காந்து ஒரு தடவ ஆடுங்க. முப்பது நிமிஷம். எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். ஆறு வைத்தேன், ஐந்து வெடித்தது, காத்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த விதியை எத்தனையோ தடவை படியெடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதற்குள் நின்றதில்லை. நான் மேலே மேஜையில் இருந்தவன். வெடி வைத்தவர்கள் கீழே இருந்தார்கள். நான் சுரங்கத்துக்குள் வெடி வைத்தவன் என்று அலுவலகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுத்ததில்லை.

மாரிக்குப்பம் பாசஞ்சர்

மறுநாள் காலை, நான் தினமும் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் மாணிக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எங்கள் லைனில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். சுரங்கத்தில் பிளாஸ்டர், அதாவது வெடி வைத்தவர். இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் காவல். முப்பது நிமிடம் கீழே காத்திருக்கும்போது என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அத எதுக்குப்பா இப்ப கேக்குற? சுரங்கமே மூடியாச்சு."

ஆபீஸ் வேலைக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார்.

"சண்டைதான் போடுவோம். நான் அஞ்சு கேட்டுதுன்னுவேன், கூட இருக்குற மேட் ஆறுன்னுவான். ரெண்டு ஒண்ணா வெடிச்சா ஒரே சத்தந்தான் வரும். பக்கத்து லெவல்ல எவனாவது வச்சிருந்தா அதுவும் கேக்கும். எவன் எண்ணினது சரின்னு எப்படித் தெரியும்? உள்ள போனாத்தான் தெரியும்."

"அப்ப யார் சொல்றத வச்சுப் போவீங்க?"

"கம்மியா சொல்றவன் சொல்றத. அவனுக்குத்தான் பயம் இருக்குது."

மீதி வழியெல்லாம் அவர் தூங்கினார். நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அறுபத்து நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லாத சங்கதி அது. விசிலும் படிவமும் மந்திரத்துக்குக் கனம் தரவில்லை. எத்தனை வெடித்தது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு காலை முன்னே வைப்பதில்தான் கனம் இருக்கிறது.

பதிப்பு 0.4 இரண்டே பக்கம். விசில் இல்லை, பதிவேடு இல்லை, நாட்காட்டி இல்லை. மந்திரவாதி குகைப் பாதையில் ஆறு மந்திரம் வரை புதைக்கலாம். பின்வாங்கி, வெடிச் சத்தத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை திரையில் வராது. சில சமயம் இரண்டு சேர்ந்து வெடிக்கும், சில சமயம் ஒன்று வெடிக்காமல் கிடக்கும். துணைவர்கள் தாங்கள் கேட்ட எண்ணைச் சொல்வார்கள், அவர்களும் தவறுவார்கள். போவதா, காத்திருப்பதா என்பது ஆடுபவர் பாடு. காத்திருந்தால் டிராகன் வரும். 'டிராகனுக்கு எந்த விதியும் பொருந்தாது' என்று தனி வரியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

கல்பனா படித்துவிட்டு, இவ்வளவுதானுங்களா என்று கேட்டாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பீட்டர் எண்ணினார்

19 ஜூலை, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால். பீட்டர் வந்தார். மிக உயரமானவர், எங்கள் மாடிப்படியில் இரண்டு இடத்தில் தலை இடித்துக்கொண்டார். அவர் ஆட, ஹரீஷ் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால் நின்றோம். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தான் இம்ரான்.

பீட்டர் ஆறு புதைத்தார், பின்வாங்கினார். சத்தங்கள் வந்தன. விரல் மடக்கி எண்ணினார். முடிந்ததும் ஹரீஷ் பக்கம் திரும்பி ஆறு என்றார். ஹரீஷ் ஐந்து என்றார். திரையில் துணைவர்களில் ஒருவன் ஆறு என்றான், ஒருத்தி ஐந்து என்றாள். பீட்டர் மறுபடி ஆறு என்று விரலைக் காட்டினார். கிளையன்டிடம் எதிர்த்துப் பேசாத ஹரீஷ், இல்லை, நிச்சயமாக ஐந்து என்றார். பீட்டரின் கை விசைக்கு மேலே நின்றது. குகைக்குள் டிராகன் உறுமியது.

அந்த நேரத்தில் கீழே பிரஸ் ஷாப்பில் பிரஸ் தகட்டை அடித்து 'டம்' என்றது. தரை லேசாக அதிர்ந்தது.

காலையிலிருந்து அந்த பிரஸ் அடித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பழகிப்போய் அதைக் கேட்பதையே விட்டுவிட்டோம். பீட்டருக்கு அது புதுச் சத்தம். அவருடைய ஆறில் ஒன்று கீழ்த்தளத்தில் செய்த வாஷர். கல்பனாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு வருடம் பதிவேடு பார்த்தவன் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் வேலை அந்த விசையின் மேல் இருந்ததால் திறக்கவில்லை.

பீட்டர் தன் கணக்கை நம்பி முன்னே நடந்தார். ஐந்தாவது அடியில் ஆறாவது மந்திரம் வெடித்தது. மந்திரவாதி போய்ச் சேர்ந்தார்.

பீட்டர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, காலுக்கடியிலிருந்து வந்ததே அந்தப் பொய்ச் சத்தம், ஸ்பீக்கரிலிருந்து வராமல் தரையிலிருந்து வந்ததே, அதை யார் வடிவமைத்தது என்று கேட்டார். இத்தனை வருடத்தில் தன்னை எந்த விளையாட்டும் இப்படி ஏமாற்றியதில்லை என்றார்.

ஹரீஷுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அரை நொடிதான். உடனே கையை நீட்டி என்னைக் காட்டினார்.

பீட்டர் எழுந்து என் கையைக் குலுக்கினார். கீழே இன்னொரு வாஷர் விழுந்தது. அவர் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார்.

படிவம்

அன்று மாலையே ஒப்புதல் படிவம் வந்தது. திட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பெயர், பணி, அவரை வைத்துக்கொள்ளக் காரணம். சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும், அசல் கூரியரில் கிளையன்டுக்குப் போகும். என் தாளில் காரணம் என்ற கட்டத்தில் ஹரீஷ் தட்டச்சு செய்திருந்தது: 'தரையடி ஒலியை உருவாக்கியவர்.'

நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"இதுல நான் எப்படி கையெழுத்துப் போடறது?" என்றேன். "அது நான் செய்யல. வாஷர் செஞ்சது."

ஹரீஷ் கதவைச் சாத்தினார். "சார், உங்களுக்கு வேல வேணுமா பேடவா?"

"வேணும்."

"எனக்கும் நீங்க வேணும். ரெண்டு பக்க ஐடியா உங்களுதுதான? அந்த ஆளு பயந்தது அதுக்குத்தான். மிச்சத்த பிரஸ்காரன் கணக்குல விடுங்க. சைன் பண்ணுங்க."

அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் பதிவேட்டில் 'பெரும்பாலும்' என்று ஒரு கட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதினேன்: 'குறிப்பிட்ட ஒலி கீழ்த்தளப் பட்டறையின் பிரஸ்ஸிலிருந்து வந்தது. 19-7-2002, காலை 11.15க்கு மேல்.' ஹரீஷ் அதைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்ததால் வேறு தாள் அச்செடுக்க நேரமில்லை. உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. இம்ரான் மட்டும் வந்து, சார், வாட்ச்மேன் யூனிஃபார்ம் அளவு எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் அந்த நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். விதி எழுத வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். எழுதிய விதிக்குள் நீங்களே ஒரு முறை போய் நில்லுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு, அதற்குள் நிஜமாக நின்ற ஒருவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். வேண்டாத பக்கங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். எனக்கு அறுபத்திரண்டு பக்கம் உதிர்ந்தது.

ஒன்று மட்டும் சரிபார்க்கப்படாமல் இருக்கிறது. 29 ஜூலை, திங்கட்கிழமை பீட்டரிடமிருந்து வந்த மின்னஞ்சலின் அச்சுப்படி என்னிடம் உள்ளது. அதில் மூன்று வரிகள். எல்லாப் படிவங்களும் வந்து சேர்ந்தன. எல்லோருக்கும் ஒப்புதல். கீழ்த்தளக் குழுவினருக்கும் என் பாராட்டைத் தெரிவியுங்கள். ஓரக் குறிப்பைப் படித்து விஷயம் தெரிந்து எழுதினாரா, கீழ்த்தளத்தில் எங்களுக்கு உண்மையிலேயே ஓர் ஒலிக்குழு இருக்கிறது என்று நம்பி எழுதினாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவரிடம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாராட்டை மட்டும் அன்றே கீழே போய்ச் சொல்லிவிட்டேன்.